கண்காணிப்பாளரின் காது

கண்காணிப்பாளர் செக்கி கென்மோன் கோட்டைக்குள் கால் வைத்த நாளிலிருந்து, சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்கிறவர்கள் பேசுவதை விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் கஞ்சியில் அரிசி எங்கே என்று ஒருவன் கேட்பான். பிரபுவின் வயிற்றில் தேடு என்பான் இன்னொருவன். குளிரில் விறைத்த முகங்கள் ஒரு கணம் சிரிக்கும். இப்போது அகப்பை பானையில் உரசும் சத்தம் மட்டும்தான்.

ஒரு நாள் காலை அவருடைய மெய்க்காவலர்கள் யாசுகேயைக் கடற்கரைக்கு இழுத்துவந்து வெட்டினார்கள். துப்பாக்கிப் பிரிவிலேயே நன்றாகப் பாடக்கூடியவன் அவன். வெட்டுவதற்கு முன், கண்காணிப்பாளர் செக்கி குற்றத்தைச் சத்தமாகச் சொன்னார்: “பட்டினி கிடந்து சாவதைவிட எதிரியின் கரைக்கு நீந்திப் போய்விடலாம் என்று பேசியவன்.”

கூட்டத்தில் கஸ்பாரும் நின்றான். யாசுகே அதைப் பேசியது உண்மைதான். வெடிமருந்துக் கொட்டகையில் இருவரும் கரி இடித்துக்கொண்டிருந்தபோது கஸ்பாரிடம்தான் பேசினான். சுற்றிலும் வேறு ஆள் இல்லை. கஸ்பார் அதை அந்தக் கோட்டையில் எவரிடமும் சொல்லவும் இல்லை.

ஆனால் சொன்னான். தன் காதுக்குப் பின்னால் எலும்புக்குள் பதிந்திருந்த, மிளகளவேயான கருவியிடம் சொன்னான்.

கஸ்பார் அந்தக் காலத்து ஆள் இல்லை. ஜப்பானியப் படை கடல் கடந்து கொரியாவுக்குள் புகுந்த அந்த ஆண்டுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் பிந்தி, தூத்துக்குடியில் பிறந்தவன். காலத்தில் பின்னோக்கி ஆளை அனுப்பும் வழி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பழைய போர்களை நேரில் பார்த்துப் பதிவு செய்ய ஒரு நிலையம் தொடங்கினார்கள். தமிழ்க் கரையில் தொடங்கியதால் அதன் வேலைமொழி தமிழ். கஸ்பாரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவன் நிறமும் முகமும்தான். அந்தக் காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர் சிலர் போர்த்துக்கீசியக் கப்பல்களில் நாகசாகி வரை வந்து போனார்கள். ஆகவே, கப்பலைத் தவறவிட்டுக் கரையில் தங்கிவிட்ட ஒரு தமிழ்க் கிறிஸ்தவன், வெடிமருந்து கலக்கத் தெரிந்தவன் என்றால் ஒரு ஜப்பானியப் பிரபு அவனை வேலைக்கு எடுத்துக்கொள்வார். மியாதா பிரபு எடுத்துக்கொண்டார். கூடவே கொரியாவுக்கும் கூட்டிவந்துவிட்டார்.

அந்தப் படையின் ஏற்பாடே விசித்திரமானது. ஒவ்வொரு பிரபுவின் நிலத்திலும் எவ்வளவு நெல் விளைகிறதோ அதற்கேற்ப அவர் ஆள் கொண்டுவர வேண்டும். வந்தவர்களில் பாதிப்பேர் கையில் ஆயுதமே கிடையாது. வயலிலிருந்தும் படகிலிருந்தும் பிடித்துவரப்பட்ட சுமைகாரர்கள், துடுப்புக்காரர்கள், மண்வெட்டிக்காரர்கள். பிரபுக்கள் எல்லோருக்கும் மேலே ஒரு தளபதி என்று யாரும் இல்லை. பக்கத்து முகாம் பிரபு தோற்றால் உள்ளூர மகிழ்கிறவர்கள்தான் அதிகம். கடலுக்கு அப்பால் ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு இந்தப் போரை நடத்திய பேராட்சியாளர், இவர்களில் ஒருவரையும் நம்பவில்லை. முகாமுக்கொரு கண்காணிப்பாளரை அனுப்பிவைத்தார். கண்காணிப்பாளருக்குப் படையில் ஒரு சிப்பாய்க்குக்கூட உத்தரவு போட அதிகாரம் இல்லை. சொந்த மெய்க்காவலர் கொஞ்சம் பேர்தான் துணை. ஆனால் அவர் சொல்வது நேரே பேராட்சியாளரின் காதுக்குப் போகும். பிரபுக்கள் எதிரியின் அம்பைவிட அந்தக் காதுக்குத்தான் பயந்தார்கள்.

இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும், கருவியில் முணுமுணுக்க வேண்டும். கஸ்பாரின் வேலை அவ்வளவுதான். எதையும் மாற்றக்கூடாது. செபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டே முணுமுணுப்பான். தென்கடல் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் அவனைத் தென்திசையான் என்றே அழைத்த சிப்பாய்கள், ஜெபிக்கிறான் என்று விலகிப் போவார்கள்.

கிளம்புவதற்கு முன் பயிற்சி அதிகாரி இரண்டு செய்திகள் சொல்லியிருந்தார். ஒன்று: “அங்கே நீங்க பார்க்கிற அத்தனை பேரும் ஏற்கனவே இறந்துபோனவங்க. அதை மறக்காதீங்க.” இரண்டாவது: “உங்களோட நம்ம ஆள் இன்னொருத்தரும் இருப்பார். யாருன்னு கேக்கக் கூடாது.”

அந்த இன்னொருத்தர் லசாராகத்தான் இருக்க வேண்டும் என்று கஸ்பார் வெகு நாளாகச் சந்தேகித்து வந்தான். லசார் புன்னைக்காயல்காரர். தோணியை நடத்தும் தண்டலாக இருந்து, போர்த்துக்கீசியக் கப்பலில் மாலுமியாகி, எப்படியோ மியாதா பிரபுவின் படகுகளில் ஒன்றுக்குச் சுக்கான் பிடிக்க வந்து சேர்ந்தவர். உலகத்தின் இந்த மூலையில் இரண்டு தமிழர்கள் தற்செயலாகச் சந்திப்பார்களா என்ன?

யாசுகே செத்த அன்று மதியம், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குத் தண்ணீர் புகாமல் கீல் பூசிக்கொண்டிருந்த லசார் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“ஓய் கஸ்பாரு, இங்க வாரும். ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுங்க அண்ணே.”

“நீரு மாலைய உருட்டிக்கிட்டு ஜெபம் சொல்லுதீரே, அது எந்த ஊரு ஜெபம்வே?”

“நம்ம ஊரு ஜெபந்தான்.”

“நம்ம ஊரு ஜெபத்துல ‘வடக்கு மதில்ல காவலு குறைஞ்சிருக்கு’ன்னு வருமோ?” லசார் கீல் மட்டையைக் கீழே வைத்தார். “நேத்து உமக்குப் பின்னாலதான் வலை கெட்டிக்கிட்டு நின்னேன். மாதா பேரு ஒருக்கா கூட உம்ம வாயில வரல. இந்த ஜப்பான்காரனுக்குத் தமிழு தெரியாது. எனக்குமா தெரியாது?”

இவரேதான் அந்த ஆள், என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக் கஸ்பார் தணிந்த குரலில் கேட்டான்: “அண்ணே, நீங்க நிலையத்துல இருந்து வந்தவங்களா?”

“எந்த நிலையம்?”

“நம்ம நிலையம்.”

லசார் அவன் கண்களை உற்றுப் பார்த்தார். சித்தம் கலங்கிப் போனானா, நடிக்கிறானா என்று எடை போடுகிற பார்வை. “பேச்ச மாத்தாதேயும். அந்தப் பய யாசுகே தலை விழுந்ததுக்கு நீருதான் காரணம்னு என் மனசு சொல்லுது. நீரு அந்தச் செக்கிக்குக் காதா இருக்கீரு. உண்டா இல்லையா?”

“அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல அண்ணே. சத்தியம்.”

கஸ்பார் சொன்னது சத்தியம்தான். அப்படியானால் யாசுகேயின் பேச்சு செக்கிக்கு எப்படிப் போனது? கருவியில் சொன்னது ஐந்நூறு ஆண்டு தாண்டி நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி இங்கேயே வருகிறதா?

அன்று பின்னேரம் அவன் மாலையை எடுத்து உருட்டினான். தன் பணிக்காலத்தில் முதல் தடவையாகப் பொய் சொன்னான். “சமையற்கூடத்தில் சுவரோரத்து அடுப்புக்கு அடியில் வெடிமருந்தைப் பதுக்கியிருக்கிறார்கள்” என்று முணுமுணுத்தான். அப்படி யாரும் பதுக்கவில்லை. அந்தக் கணம்வரை அப்படி ஒரு எண்ணம் உலகத்தில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மறுநாள் காலை செக்கியின் மெய்க்காவலர்கள் கடப்பாரையோடு சமையற்கூடத்துக்குள் புகுந்தார்கள். மற்ற அடுப்புகள் எதையும் தொடவில்லை. சுவரோரத்து அடுப்பை மட்டும் இடித்துத் தோண்டினார்கள். சமையல்காரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மண்ணும் சாம்பலும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. செக்கி குழியருகே வந்து, காலால் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தி, வேடிக்கை பார்த்தவர்களில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். கஸ்பாரின் முகத்துக்கு வந்ததும் அவர் பார்வை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கஸ்பார் மாலையைத் தொடவில்லை. தூங்கினால் உளறிவிடுவோமோ என்று துணியை வாயில் திணித்துக்கொண்டு படுத்தான்.

ஜின்பெய் அவனைத் தேடி மருந்துக் கொட்டகைக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். குரோயிவா ஜின்பெய் அந்தத் துப்பாக்கிப் பிரிவின் தலைவன். வாளேந்தும் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவன் அல்ல, விவசாயி மகன். திரித் துப்பாக்கியைக் குறி தவறாமல் சுடத் தெரிந்ததால் மேலே வந்தவன். கதவைச் சாத்திவிட்டு, மருந்துப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னான்.

“நான் போகப்போறேன். என் ஆளுங்களும் வர்றாங்க. எதிர்க்கரைக்கு.”

ஐயோ, என்னிடம் சொல்லாதே என்று கஸ்பார் மனதுக்குள் கத்தினான்.

“அடுத்த வாரம் எதிர்க்கரையில ஒரு குயவர் கிராமத்துக்குப் போகணும்னு உத்தரவு. மண்பாண்டம் செய்யத் தெரிஞ்சவங்களைப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்தணும். மிச்சப் பேரை வீட்டோட கொளுத்தணும். போன தடவை அதை நான் செஞ்சேன்.” ஜின்பெய் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இன்னொரு தடவை என்னால முடியாது. நம்ம துப்பாக்கிக்காரங்க சரணடைஞ்சா அங்கே கொரியர்கள் கொல்றதில்லையாம். நிலம் குடுத்துக் குடிவைக்கிறாங்களாம்.”

“யார் சொன்னது?”

“யாரோ சொன்னாங்க. உண்மையா பொய்யா, தெரியாது. ஆனா இங்கே வந்ததிலிருந்து நான் யாரையும் நம்பலை. பிரபு கண்காணிப்பாளரை நம்பலை, கண்காணிப்பாளர் பிரபுவை நம்பலை, நான் பக்கத்துல படுக்கிறவனை நம்பலை. ஒரு தடவை எதையாவது நம்பிப் பார்க்கணும் போல இருக்கு.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “மருந்து கலக்கத் தெரிஞ்ச ஆள் எங்களோட இருந்தா அந்தக் கரையில மதிப்பு. நீ வரணும். உன் ஊர்க்காரர் லசாரு படகு குடுக்க ஒத்துக்கிட்டார். உன்மேல அவருக்குச் சந்தேகந்தான், ஆனா மருந்துக்கு நீ வேணும்னேன். பௌர்ணமிக்கு மறுநாள், பொழுது விடியறப்ப, மூடுபனி இருக்கும். கிழக்குத் துறை.”

அந்தக் கோட்டை ஒரு தீவின் மேல் இருந்தது. தப்புவதற்கு வழிகள் இரண்டு. மேற்கே, கடல் வற்றும்போது சேற்றுவெளி தெரியும். முழங்கால் அளவுச் சேற்றில் நடந்தே எதிர்க்கரை போய்விடலாம். கிழக்குத் துறையிலிருந்து போக வேண்டுமானால் படகும், பாறை எங்கே சுழல் எங்கே என்று அறிந்த சுக்கான்காரரும் வேண்டும். அவசரக்காரன் எவனும் மேற்கைத்தான் தேர்ந்தெடுப்பான்.

இரண்டு நாள் கழித்துச் செக்கியிடமிருந்து கஸ்பாருக்கு அழைப்பு வந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. கரிக்கணப்பின் முன் செக்கி அமர்ந்திருந்தார். நெற்றி வழித்த தலை, மடிப்புக் கலையாத பட்டு மேலாடை, இடுப்பில் இரு வாள்கள். வாசலில் நின்ற மெய்க்காவலனை ஜப்பானிய மொழியில் அதட்டி அனுப்பிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.

“அடுப்பு நல்ல யோசனை, கஸ்பார்” என்றார். “உட்காருங்கள்.”

அவர் பேசியது தமிழ். வகுப்பறையில் உட்கார்ந்து கற்றவரின் சுத்தமான, கொஞ்சம் விறைப்பான தமிழ். கஸ்பார் பாயில் உட்கார்ந்தான்.

“அந்த இன்னொரு ஆள் நீங்கதானா?”

“இன்னொரு ஆள் நீங்கள்தான். இந்தக் காலத்துக்கு உங்களுக்கு முன்பே நான் வந்துவிட்டேன். உண்மையான செக்கி கப்பலிலேயே வயிற்றுப்போக்கில் இறந்துபோனார். அவர் முகத்தோடு நான் இறங்கினேன்.”

“எதையும் மாத்தக் கூடாது, பார்க்க மட்டுந்தான்னு சொன்னாங்களே.”

“உங்கள் வேலை பார்ப்பது. எது நடந்ததாகப் பதிவு இருக்கிறதோ அது நடக்கும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. நீங்கள் சொல்வது நிலையத்துக்குப் போகிறது. எனக்குத் தேவையானதை அவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள்.”

“யாசுகேயை நான் கொன்னிருக்கேன். அப்படித்தானே?”

“யாசுகே தப்பித்ததாகப் பதிவு இல்லை.”

“வெட்டினதா இருக்கா?”

“இருக்கிறது.”

“யாரு எழுதினது?”

செக்கி கணப்பைக் கிளறினார். ஒரு கரித்துண்டு வெடித்துச் சிதறியது. “இந்தக் கோட்டையைப் பற்றி நம் காலத்துக்கு வந்து சேர்ந்த சான்று ஒன்றே ஒன்றுதான். கண்காணிப்பாளர் செக்கி கென்மோன் பேராட்சியாளருக்கு அனுப்பிய அறிக்கைகள்.”

“அதை எழுதப்போறவரே நீங்கதானே! வெட்டாமலே வெட்டினோம்னு எழுதிட்டா பதிவு அப்படியே இருக்குமே. எவன் வந்து எண்ணப்போறான்?”

“நானும் அதைக் கேட்டிருக்கிறேன்.”

“என்ன சொன்னாங்க?”

“பதிவும் நடப்பும் பிசகினால், நாம் திரும்பிப் போகிற கதவு திறக்காது என்றார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதுவதும் நடப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க, என்னைக் கவனிக்கிற ஒருவர் இந்தக் கோட்டையில் இருப்பார். சமையல்காரனாக இருக்கலாம். என் மெய்க்காவலனாக இருக்கலாம்.” அவர் குரல் இறங்கிப்போயிற்று. “இங்கே வந்ததிலிருந்து நான் ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை, கஸ்பார்.”

முதல் தடவையாக அவர் முகத்தைக் கஸ்பார் அருகில் பார்த்தான். கண்களுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

“குரோயிவா ஜின்பெயும் அவருடைய ஆட்களும் தப்ப முயன்று, இந்தக் கடற்கரையில் தண்டிக்கப்பட்டார்கள். அது பதிவு. நாளும் துறையும் பதிவில் இல்லை. மியாதா பிரபுவிடம் ஆள் கேட்க முடியாது. தன் துப்பாக்கிப் படை ஓடப் பார்த்தது என்று பேராட்சியாளருக்குத் தெரிந்தால் அவர் நிலம் பறிபோகும்; அதைவிட, எனக்கு விஷம் வைத்துவிட்டுக் காய்ச்சலில் செத்தான் என்று சொல்லிவிடுவார். என் மெய்க்காவலரை வைத்து ஒரு துறையைத்தான் மறிக்க முடியும். எது என்று சொல்லுங்கள். அன்று மாலையே உங்களுக்குக் கதவு திறக்கும். பிலோமியையும் குழந்தையையும் பார்க்கலாம்.”

மனைவியின் பெயரை அந்த வாயிலிருந்து கேட்பான் என்று கஸ்பார் நினைத்திருக்கவில்லை. அவன் புறப்பட்டபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஓடுவாள். அந்தக் கருவி அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு போகுமே ஒழிய, வீட்டிலிருந்து ஒரு சொல்லைக்கூட அவனுக்குக் கொண்டுவந்ததில்லை. இந்தக் குளிர், இந்தக் கஞ்சி, இந்தப் பயம். ஜின்பெய் நல்லவன்தான். ஆனால் ஜின்பெய் செத்து ஐந்நூறு ஆண்டு ஆகிறது. எப்படியும் செத்தவன். பயிற்சி அதிகாரி சொன்ன அந்த வாக்கியத்தை அவன் ஒரு கம்பளியைப் போல இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டான்.

“பௌர்ணமிக்கு மறுநாள் விடியல்ல” என்றான். “கிழக்குத் துறை. லசாரோட படகு.”



“அடுப்பு மாதிரியா?”

“இல்ல. சத்தியமா உண்மை.”

“கிழக்கு” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு, போகலாம் என்று கையசைத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கஸ்பார் ஜின்பெயின் கண்ணில் படாமல் ஒதுங்கிப் பார்த்தான். முடியவில்லை. ஜின்பெய் அவனைக் காணும்போதெல்லாம் லேசாகத் தலையசைத்தான். ஒரு தடவை தன் பங்கு கருவாட்டில் பாதியை அவன் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனான். சொல்லிவிடலாம் என்று கஸ்பாருக்கு இரண்டு மூன்று முறை வாய் வரை வந்தது. ‘பயணத்தை நிறுத்து, செக்கிக்குத் தெரியும்’ என்று நாலு வார்த்தை. யார் சொன்னது என்று ஜின்பெய் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவன் வாயை மூடிக்கொண்டான். லசார் மட்டும் தூரத்திலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீல் பூசும்போதும், வலை உதறும்போதும், அந்தக் கண்கள் அவன்மேலிருந்து விலகவில்லை.

அந்த விடியலில் கொட்டகையிலேயே சுருண்டு படுத்துக் கிடந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். ஆனால் ஜின்பெய் தானே வந்து எழுப்பினான். மருந்துப் பீப்பாய் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இன்னொன்றை அவனிடம் நீட்டினான். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. மறுத்தால் காட்டிக்கொடுத்தது அங்கேயே தெரிந்துவிடும்.

மூடுபனி கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. துப்பாக்கிகளை வைக்கோலில் சுற்றிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாறைச் சரிவில் இறங்கினார்கள். கஸ்பாருக்கு ஒவ்வொரு பாறையும் குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஆளாகத் தெரிந்தது. இதோ இப்போது, இந்தத் திருப்பத்தில், இந்தப் புதருக்கு அப்பால் என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து அவன் கழுத்து நரம்பு வலித்தது. பிடித்ததும் என்னை ஒதுக்கி நிறுத்திவிடுவார் செக்கி. ஜின்பெய் அப்போது என் முகத்தைப் பார்ப்பான். அதை மட்டும் எப்படித் தாங்குவது?

துறை வந்தது. லசாரின் படகு அலையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

ஆட்கள் ஏறினார்கள். பீப்பாய்கள் ஏறின. கஸ்பார் தண்ணீரில் முட்டளவுக்கு நின்றுகொண்டு கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். “என்ன பாக்குதீரு, ஏறும்” என்று லசார் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். துடுப்புகள் சத்தமில்லாமல் விழுந்தன. கரை பனிக்குள் கரைந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு, தீவின் மறுபக்கத்திலிருந்து, மேற்கிலிருந்து, ஒரு சங்கொலி நீண்டு எழுந்தது. படைக்குச் சைகை கொடுக்கிற சங்கு. அதைத் தொடர்ந்து அதட்டல்கள், சேற்றில் ஆட்கள் தடதடவென்று ஓடும் ஓசை. பிறகு மறுபடி சங்கு, யாரோ பதறிப்போய் ஊதுவது போல.

படகில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கஸ்பாருக்கு எல்லாம் ஒரே வீச்சில் புரிந்தது. செக்கி அவனை நம்பவில்லை. ஒரு தடவை பொய் சொன்னவன் மறுபடியும் பொய்தான் சொல்வான். கிழக்கு என்றால் மேற்கு. அப்படிக் கணக்குப் போட்டு, தன் ஆட்கள் அத்தனை பேரையும் சேற்றுவெளியில் பதுக்கிவைத்திருக்கிறார்.

ஜின்பெய் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தான். “அந்த ஆள் உன்னைக் கூப்பிட்டு விசாரிச்சதா கேள்விப்பட்டேன். அன்னியிலேர்ந்து எனக்கு ஒரே பயம். உன்மேலயே சந்தேகம். ஆனாலும் நம்பிப் பார்க்கலாம்னுதான் உன்னை வந்து எழுப்பினேன்.” அவன் குரல் கரகரத்தது. “நீ அவனை மேற்குக்கு அனுப்பியிருக்கே.” படகு ஆடுவதையும் பொருட்படுத்தாமல் மண்டியிட்டு, நெற்றி பலகையில் படும்படி வணங்கினான். அவனைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வணங்கினார்கள்.

செக்கி இனி என்ன செய்வார் என்று கஸ்பாருக்குத் தெரியும். வேறு வழியே இல்லை அவருக்கு. ஜின்பெயும் அவன் ஆட்களும், கூட இருந்த தென்திசையானும் கடற்கரையில் தண்டிக்கப்பட்டார்கள் என்று எழுதுவார். பதிவு பிசகாது. ஐந்நூறு ஆண்டு கழித்து நிலையத்தில் யாரோ அதைப் படித்துவிட்டு, பிலோமியின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கருவியில் அவன் உயிரோடு பேசினாலும், பதிவில் செத்துப்போனவனுக்கு யார் கதவு திறந்துவைக்கப் போகிறார்கள்?

பனி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. சுக்கான் பிடித்திருந்த லசார் கஸ்பாரைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

“ஒரு காரியம் உள்ளபடி சொல்லும். அந்தச் செக்கிக்கிட்ட நீரு என்னதான் சொன்னீரு?”

“கிழக்குன்னுதான் சொன்னேன் அண்ணே.”

லசாரின் கை சுக்கானில் அப்படியே நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏ கள்ளா! உள்ளதச் சொன்னா அந்தச் சந்தேகப் பிராணி நம்பமாட்டான்னு தெரிஞ்சுல்லா சொல்லியிருக்கீரு! எம்புட்டு நெஞ்சழுத்தம்வே உமக்கு! நான் உம்மையில்லா தப்பா நெனச்சிட்டேன்.”

“இல்ல அண்ணே. காட்டிக்குடுக்கத்தான் சொன்னேன். எனக்கு வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு. சத்தியமா.”

லசார் இன்னும் பலமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “சத்தியமாமுல்லா!” என்று அவன் முதுகில் ஒரு போடு போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் ஜின்பெயிடம் அதைச் சொன்னார். ஜின்பெய் ஆட்களிடம் சொன்னான். பல மாதங்களாகச் சிரிக்காத அந்த ஆட்கள், சத்தம் கரைக்குப் போய்விடுமோ என்று கையால் வாயை மூடிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். படகே ஆடியது.

ஜின்பெய் எழுந்து வந்து, தன் வைக்கோல் போர்வையைக் கழற்றிக் கஸ்பாரின் தோளைச் சுற்றிப் போட்டான். அது அவன் உடம்புச் சூட்டோடு கதகதப்பாக இருந்தது. அதைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கக் கஸ்பாருக்குக் கை வரவில்லை.